பி ஸ்ட்ரிங் ஏன் தொளதொளக்கிறது? 35 அங்குல பேஸ் வாங்கும் முன் ஒரு சின்னக் கணக்கு

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. புதிதாக ஐந்து ஸ்ட்ரிங் பேஸ் கிட்டார் வாங்கியிருக்கிறீர்கள், 34 அங்குல ஸ்கேல் (கம்பி அதிரும் நீளம்). இ, ஏ, டி, ஜி நாலும் நன்றாக இருக்கின்றன. எல்லாவற்றிலும் தாழ்ந்த சுருதியுள்ள பி மட்டும் தொளதொளவென்று ஆடுகிறது, எந்த ஸ்வரம் என்றே தெரியாமல் உறுமுகிறது. ஒரு நண்பர் 35 அங்குல பேஸுக்கு மாறச் சொல்கிறார். கடையில் ஒருவர், ஸ்ட்ரிங்கைப் பாடிக்குப் பின்னாலிருந்து கோத்தால் டென்ஷன் ஏறும் என்கிறார். இன்னொருவர், ஃப்ரெட் (வீணையின் மெட்டு போன்ற குறுக்குக் கம்பி) விசிறி போல விரிந்த பேஸ்தான் ஒரே வழி என்று அடித்துச் சொல்கிறார். எதை நம்புவது?

பேஸை விற்க வேண்டாம். முதலில் பி ஸ்ட்ரிங்கை மாற்றிப் பாருங்கள். மூன்று பேரும் "டென்ஷன்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வெவ்வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். ஒன்று, கம்பி உண்மையில் எத்தனை கிலோவில் இழுபட்டு நிற்கிறது என்பது. இன்னொன்று, விரலுக்கு அது எவ்வளவு விறைப்பாகத் தெரிகிறது என்பது. மூன்றாவது, அதிலிருந்து வரும் ஒலி தெளிவாக இருக்கிறதா என்பது. மூன்றுக்கும் உறவு உண்டு, ஆனால் மூன்றும் ஒன்றல்ல. நானும் ஆரம்பத்தில் இதைக் குழப்பிக்கொண்டு நிறையப் பணத்தை வீணடித்தவன்தான்.

முதலில் கிலோ கணக்கு. கம்பியின் இழுவிசையைத் தீர்மானிப்பவை மூன்றே மூன்று: மீட்டருக்கு அது எத்தனை கிராம் இருக்கிறது, நட்டிலிருந்து (நெக்கின் முனையில் கம்பி படியும் பள்ளக் கட்டை) சேடில் வரை (பாடிப் பக்கம் கம்பி படியும் இடம்) எவ்வளவு நீளம், எந்த ஸ்வரத்துக்கு ட்யூன் செய்கிறீர்கள். 1636இல் மரன் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் எழுதி வைத்த விதி இது, இன்றுவரை மாறவில்லை. ஒரு சாதாரண 100 கேஜ் இ ஸ்ட்ரிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். கேஜ் என்பது கம்பியின் தடிமன், அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 100 என்றால் 0.1 அங்குலம், அதாவது 2.54 மில்லிமீட்டர். இதன் எடை மீட்டருக்குச் சுமார் 34 கிராம். 34 அங்குலம் என்பது 0.864 மீட்டர், இ ஸ்வரம் 41.2 ஹெர்ட்ஸ். நீளத்தையும் ஹெர்ட்ஸையும் பெருக்கி, அதை இரட்டித்தால் ஏறக்குறைய 71. அதன் வர்க்கத்தை எடையால் பெருக்கினால் 172 நியூட்டன், அதாவது பதினேழரை கிலோ. ஐந்து ஸ்ட்ரிங்குக்கும் சேர்த்தால் உங்கள் பேஸின் நெக் ஏறத்தாழ 90 கிலோ இழுப்பைத் தாங்கி நிற்கிறது. ஒரு பெரிய ஆள் இரவும் பகலும் அதில் தொங்கிக்கொண்டிருப்பது போல. நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பி எதற்கு என்று இப்போது புரியும்.

இந்த மூன்றில் எங்காவது "பாடிக்குப் பின்னாலிருந்து கோப்பது" வருகிறதா? கீகள் இருக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக்கின் நீளம் வருகிறதா? சேடில்களைத் தாங்கும் பிரிட்ஜின் எடை வருகிறதா? இல்லை. அதிர்கிற நீளம் நட்டிலிருந்து சேடில் வரைதான். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் கம்பி எவ்வளவு நீண்டாலும் கணக்கு அதே. கோக்கும் விதத்தால் டென்ஷன் ஏறியதாகவே வைத்துக்கொள்வோம். எடையும் நீளமும் மாறாதபோது டென்ஷன் ஏறினால் சுருதி ஏறிவிடும். உடனே நீங்கள் ட்யூனரைப் பார்த்துக் கீயைத் தளர்த்தி பி-க்குக் கொண்டுவருவீர்கள். டென்ஷனும் பழைய இடத்துக்கே வந்துவிடும். சுருதி சேர்ந்த பிறகு டென்ஷன் எங்கே நிற்க வேண்டுமோ அங்கேதான் நிற்கும், யார் சொன்னாலும் கேட்காது.

சரி, அப்படியானால் பி ஏன் தொளதொளக்கிறது? இதற்குக் கால்குலேட்டர்கூட வேண்டாம், ஒரு குறுக்குவழி சொல்கிறேன். ஒரே பிராண்ட், ஒரே ரகம் என்றால் கம்பியின் எடை தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே கேஜையும் ஹெர்ட்ஸையும் பெருக்கினால் வரும் எண்ணை வைத்து ஸ்ட்ரிங்குகளை ஒன்றோடொன்று ஒப்பிடலாம். ஹெர்ட்ஸ்: ஜி 98, டி 73.4, ஏ 55, இ 41.2, பி 30.9. கடையில் சகஜமாகக் கிடைக்கும் செட் 45, 65, 85, 105, 130. பெருக்கிப் பாருங்கள். ஜி 4410. டி 4770. ஏ 4675. இ 4326. பி 4015-ஐ ஒட்டி.

டென்ஷன் இந்த எண்ணின் வர்க்கத்தில் போகும். ஆக, செட்டிலேயே மிக இறுக்கமானது டி, மிகத் தளர்ந்தது பி. பி-யின் டென்ஷன் டி-யைவிட ஏறக்குறைய 30 சதவீதம் குறைவு, பக்கத்திலிருக்கும் இ-யைவிட 14 சதவீதம் குறைவு. இது உங்கள் பேஸின் குற்றமே அல்ல. பெட்டிக்குள் வந்த ஸ்ட்ரிங்கே அப்படித்தான் பிறந்திருக்கிறது. விரல் டி-யிலிருந்து பி-க்கு இறங்கும்போது சேற்றில் கால் வைத்தது போல இருப்பதற்குக் காரணம் இதுதான். புதுப் பேஸோடு வரும் ஸ்ட்ரிங்கில் பி சில சமயம் 125ஆகவும் இருக்கும். அப்போது கதை இன்னும் மோசம்.

இதே பெருக்கலை டடாரியோ கம்பெனியின் பேலன்ஸ்டு டென்ஷன் செட்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 45, 60, 80, 107. நாலும் 4400-ஐ ஒட்டி வந்து நிற்கும். வேண்டுமென்றே அப்படிக் கணக்குப் போட்டுச் செய்தது. ஐந்தாவதாக ஒரு பி-யையும் அதே எண்ணுக்குக் கொண்டுவர வேண்டுமானால் 143 கேஜ் வேண்டும். அவ்வளவு தடித்த கம்பியைப் போட்டால் வேறு தொல்லைகள் வரும், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது 35 அங்குலம். நீளமும் வர்க்கத்தில்தான் போகிறது. 35-ஐ 34-ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 1.06. அதாவது அதே ஸ்ட்ரிங்கை 35 அங்குலத்தில் போட்டால் 6 சதவீதம் டென்ஷன் கூடும். அவ்வளவுதான். அதே 6 சதவீதத்தை 34 அங்குலத்திலேயே பெற வேண்டுமானால் 130 கேஜுக்குப் பதில் 134 போட்டால் போதும். கடையில் 135 கிடைக்கிறது. ஒரு பேஸை விற்று இன்னொரு பேஸ் வாங்குவதால் கிடைக்கும் கிலோவை ஒற்றை ஸ்ட்ரிங் தந்துவிடுகிறது. ஆகவேதான் விற்க வேண்டாம் என்றேன்.

ஆனால் 35 அங்குலக்காரர்கள் வெறும் கதை விடுகிறார்கள் என்றும் சொல்ல மாட்டேன். அவர்கள் காதில் கேட்கும் தெளிவு உண்மைதான், காரணத்தைத்தான் தவறாகச் சொல்கிறார்கள். விஷயத்தின் ருசியான இடமே இதுதான்.

பி ஸ்ட்ரிங்கின் அடிப்படை ஸ்வரம் 31 ஹெர்ட்ஸ் என்றேன். வீட்டில் வைத்திருக்கும் எட்டு அங்குல ஸ்பீக்கர் ஆம்ப் அந்த 31-ஐப் பெயருக்குத்தான் எழுப்பும். நாம் பி என்று கேட்பது பெரும்பாலும் 62, 93, 124 என்று மேலே அடுக்கடுக்காக நிற்கும் ஹார்மோனிக்குகளைத்தான். அவை சரியாக இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கில் நின்றால், அடியில் 31 இருக்கிறது என்று மூளை தானாகவே முடிவுகட்டிவிடும். ஸ்வரம் பளிச்சென்று தெரியும். ஆனால் கம்பி என்பது முழுக்க வளையும் நூல் அல்ல, அதற்குள் கொஞ்சம் இரும்புச் சலாகையின் குணமும் இருக்கிறது. விறைப்பான கம்பியில் ஹார்மோனிக்குகள் சரியான மடங்கில் நிற்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே தள்ளிப்போகும். எத்தனைக்கெத்தனை மேலே போகிறோமோ அத்தனைக்கு விலகல் அதிகம். மூளைக்குக் குழப்பம், காதுக்குக் கொழகொழப்பு. "எந்த ஸ்வரம் என்றே தெரியவில்லை" என்று எழுதியிருந்தீர்களே, அது இதுதான்.

பியானோவில் இதை எளிதாகக் கேட்கலாம். மேடையில் வைக்கும் ஒன்பது அடி கிராண்ட் பியானோவின் அடிமட்டக் கட்டையைத் தட்டுங்கள், ஆழமாக, ஒரே ஸ்வரமாகக் கேட்கும். வீட்டுச் சுவரோரம் நிற்கும் சின்னப் பியானோவில் அதே கட்டையைத் தட்டினால் தகரக் கதவை உதைத்தது போல இருக்கும். சின்னதில் கம்பி குட்டை. குட்டையான கம்பியைத் தாழ்ந்த சுருதிக்குக் கொண்டுவர அதைத் தடிமனாக்க வேண்டியிருக்கிறது, தடித்தால் விறைக்கிறது.

இந்த விலகல், அதே ஸ்ட்ரிங்கை வைத்துக்கொண்டு நீளத்தை மட்டும் கூட்டினால் நீளத்தின் நான்காம் அடுக்கில் குறைகிறது. 34-லிருந்து 35-க்குப் போனால் 11 சதவீதம் குறையும். 37-க்குப் போனால் 29 சதவீதம். டென்ஷன் 6 சதவீதம்தான் ஏறியது, தெளிவு அதைவிட வேகமாக ஏறுகிறது, கவனித்தீர்களா? தடிமனைக் கூட்டுவதில் இந்த லாபம் கிடைக்காது. உள்ளே இருக்கும் கோர் கம்பியையும் சேர்த்துத் தடிப்பாக்கினால் நிலைமை இன்னும் கெடும். 143 கேஜ் பி கிலோ கணக்கில் ஜெயித்தாலும் காதில் தோற்பதற்கு இதுவே காரணம். என்னைக் கேட்டால் 135 ஒரு நல்ல நிறுத்தம். அதற்கு மேல் போவதானால் நீளத்தைத்தான் கூட்ட வேண்டும்.

விசிறி ஃப்ரெட் வந்தது இப்படித்தான். பி-க்கு நீளம் வேண்டும், ஜி-க்கு வேண்டாம். ஜி-யை 37 அங்குலத்துக்கு இழுத்தால் முறுக்கேறிய வேலிக் கம்பி போலக் கீச்சிடும். ஆகவே ஒவ்வொரு ஸ்ட்ரிங்குக்கும் அதனதன் நீளம். ரால்ஃப் நோவாக் 1989இல் அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை வாங்கினார். கனடாவின் சஸ்கட்டூன் நகரத்துக்காரரான ஷெல்டன் டிங்வால் அதை பேஸில் பிரபலமாக்கினார். அவருடைய ஐந்து ஸ்ட்ரிங் பேஸ்கள் பலவற்றில் ஜி 34 அங்குலம், பி 37 அங்குலம். நம் குறுக்குவழிக் கணக்கில் போட்டால், 37 அங்குலத்தில் 130 பி-யின் டென்ஷன், 34 அங்குலத்தில் 105 இ-யின் டென்ஷனுக்கு ஏறத்தாழச் சமமாக வருகிறது. சும்மா அழகுக்காகச் சாய்த்த ஃப்ரெட் அல்ல. யோசனையும் புதிதல்ல: 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆர்ஃபாரியன் என்ற கம்பி வாத்தியத்திலேயே சாய்ந்த ஃப்ரெட்டுகள் உண்டு.

அப்புறம் விரலுக்குத் தெரியும் விறைப்பு. வீணை வாசிப்பவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். சுருதி சேர்த்து வைத்த இழுவிசை ஒன்று. மெட்டின் மேல் தந்தியை இழுத்து கமகம் எடுக்கும்போது விரலை எதிர்ப்பது இன்னொன்று. இழுக்கும்போது கம்பி நீள்கிறது, நீள நீள டென்ஷன் ஏறுகிறது. எவ்வளவு ஏறும் என்பது கம்பியின் நடுவே ஓடும் கோரின் தடிமனைப் பொறுத்தது. மேலே சுற்றியிருக்கும் சுற்றுக்கம்பி எடைக்குத்தான், இழுப்பைத் தாங்குவது கோர். ஒரே எடை, ஒரே சுருதி, ஒரே டென்ஷன் உள்ள இரண்டு ஸ்ட்ரிங்கில் ஒன்று மெல்லிய கோர், தடித்த சுற்று. இன்னொன்று தடித்த கோர், மெல்லிய சுற்று. முதலாவது வெண்ணெய் போல வளையும். இரண்டாவது முறைக்கும். டிஆர் கம்பெனியின் ஹை-பீம் போன்ற உருண்டைக் கோர் ஸ்ட்ரிங்குகள் கைக்கு மென்மையாகப் படும். அறுகோணக் கோர் உள்ளவை பொதுவாகக் கொஞ்சம் விறைப்பு. தாமஸ்டிக் ஜாஸ் ஃப்ளாட் செட்டில் இ 100தான், ஆனால் ஏ 70, டி 56, ஜி 43. தொட்டுப் பார்த்தால் ஃப்ளாட்வூண்டு (தட்டை நாடா சுற்றியது) என்று நம்ப முடியாத அளவுக்கு நெகிழ்வு. மற்ற ஃப்ளாட்வூண்டுகள் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. தட்டை நாடாவாகச் சுற்றுவதால் இடைவெளி இல்லை, அதே கேஜுக்கு எடை அதிகம், டென்ஷனும் அதிகம். நான் சொன்ன பெருக்கல் குறுக்குவழியை ரவுண்டுக்கும் (உருண்டைக் கம்பி சுற்றியது) ஃப்ளாட்டுக்கும் நடுவே பயன்படுத்தாதீர்கள்.

பாடிக்குப் பின்னாலிருந்து கோப்பதில் ஒரு துளி உண்மை இருப்பது இங்கேதான். சேடிலுக்கு அப்பால் கூடுதலாக நாலைந்து சென்டிமீட்டர் கம்பி இருந்தால், இழுக்கும்போது அந்தப் பகுதியும் கொஞ்சம் நீண்டு கொடுக்கும். அப்போது விரலுக்கு விறைப்பு கூடாது, குறையத்தான் வேண்டும்! கடைக்காரர் சொன்னதற்கு நேர் எதிர். அதுவும் மொத்த நீளத்தில் நாலைந்து சதவீத வித்தியாசம், சேடிலில் உரசல் வேறு அதை விழுங்கிவிடும். கண்ணைக் கட்டிக்கொண்டு கண்டுபிடிப்பவர் யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மாறாக, சேடிலில் மடிப்புக் கோணம் செங்குத்தாவதால் தடித்த பி ஸ்ட்ரிங் அங்கே சரியாகப் படியாமல் வில்லாக வளைந்து நிற்கும். அது நல்லதல்ல.

விரலின் விஷயத்தில் எல்லாரும் மறந்துவிடும் ஒன்று: எங்கே மீட்டுகிறீர்கள் என்பது. ஸ்ட்ரிங்கின் நடுவில், 12ஆம் ஃப்ரெட்டுக்கு மேலே, 100 கேஜ் இ-யை 5 மில்லிமீட்டர் விலக்க 400 கிராம் விசை வேண்டும். லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தால் மாட்டி இழுத்துப் பாருங்கள். அதே ஸ்ட்ரிங்கை பிரிட்ஜிலிருந்து 11 சென்டிமீட்டர் தள்ளி இழுத்தால், அதே 5 மில்லிமீட்டருக்கு 900 கிராமுக்கு மேல் வேண்டும். இரண்டு மடங்குக்கும் அதிகம்! 6 சதவீதத்துக்காக வேறு பேஸ் தேடுகிறோம், வலது கையை ஒன்றரை ஜாண் நகர்த்தினால் நூறு சதவீதத்துக்கு மேல் கிடைக்கிறது. பி-யில் இறங்கும்போது மட்டும் கையைப் பிரிட்ஜ் பக்கம் நகர்த்தி, கொஞ்சம் மெதுவாக மீட்டிப் பழகுங்கள். தொளதொளப்பில் பாதி அங்கேயே போய்விடும். தாழ்ந்த ஸ்ட்ரிங்கை ஓங்கி அடிப்பது எல்லோருக்கும் வரும் பழக்கம். ஓங்கி அடித்தால் கம்பி அகலமாக ஆடி ஃப்ரெட்டில் மோதிக் கடகடக்கும், ஒலி பெரிதாகாது.

குறைந்த டென்ஷன் என்றாலே கெட்டது என்றும் நினைத்துவிடாதீர்கள். பால் மெக்கார்ட்னியின் ஹாஃப்னர் பேஸ் 30 அங்குலம். அதே ஸ்ட்ரிங் 34 அங்குலத்தில் இருப்பதைவிட 22 சதவீதம் குறைவான டென்ஷன். அந்த உருண்டையான, மெத்தென்ற ஒலி குட்டை ஸ்கேலுக்கே உரியது. எதிர்க்கோடியில் மோட்டவுன் இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன்: 1962 மாடல் ஃபெண்டர் பிரிசிஷன், 34 அங்குலம், லா பெல்லாவின் தடித்த ஃப்ளாட்வூண்டு, ஸ்ட்ரிங் ஃப்ரெட்டுக்கு மேல் உயரமாக நிற்கும் ஆக்‌ஷன், எல்லாவற்றையும் ஒற்றை ஆள்காட்டி விரலால் வாசித்தார். ஸ்ட்ரிங் அறுந்தால் ஒழிய மாற்ற மாட்டார். இருவரையும் ஒரே அளவுகோலில் வைத்து யாருடைய டென்ஷன் "சரி" என்று கேட்பதில் அர்த்தமே இல்லை.

ஆனால் எல்லை ஒன்று உண்டு. ஃபெண்டர் 1961இல் பேஸ் ஆறு என்று 30 அங்குலத்தில் ஆறு ஸ்ட்ரிங் கருவி ஒன்றைக் கொண்டுவந்தது. கிட்டாரை ஓர் ஆக்டேவ் (ஒரு ஸ்தாயி) கீழே இறக்கிய சுருதி. அதற்கான செட்டில் இ 84 கேஜ். நம் 34 அங்குல 100 இ-யோடு ஒப்பிட்டால் டென்ஷன் பாதிக்குக் கொஞ்சம் மேல். இதை பேஸ் என்று நினைத்து எடுத்தவர்களின் கையில் இ ஸ்ட்ரிங் ரப்பர் போல ஆடியது. இன்று அதை வைத்திருப்பவர்கள் பலர் 95 போட்டுக்கொள்கிறார்கள்.

34 அங்குலம் என்பதே ஒரு சமரசம்தான். நின்று வாசிக்கும் டபுள் பேஸ் 41, 42 அங்குலம். அதில் ஃப்ரெட் கிடையாது, கை மொத்தமாக நகரும். 1951இல் லியோ ஃபெண்டர் தோளில் மாட்டிக்கொள்ளும் பேஸ் செய்தபோது, இ வரைக்கும் தெளிவு வேண்டும், கையும் எட்ட வேண்டும் என்று 34-இல் நின்றார். அது நாலு ஸ்ட்ரிங்குக்கு, இ-க்கு வகுத்த நீளம். அதற்கும் கீழே பி என்று ஒன்றை நாம் பின்னால் கொண்டுவந்து சேர்த்தோம். 1975இல் கருவி செய்பவரான கார்ல் தாம்ப்சன், பேஸ் கலைஞர் ஆண்டனி ஜாக்சனுக்காக ஆறு ஸ்ட்ரிங் பேஸ் செய்தார். 1976இல் இன்னொரு பேஸ் கலைஞரான ஜிம்மி ஜான்சன் கைக்குத் தாழ்ந்த பி வைத்த அலெம்பிக் கம்பெனி பேஸ் வந்தது. ஜாக்சன் பின்னாளில் 36 அங்குலத்துக்கே போய்விட்டார். இன்னொரு பக்கம், 1987இல் வந்த மியூசிக் மேன் ஸ்டிங்ரே ஐந்து 34 அங்குலம்தான், அதன் பி-யைக் குறை சொல்பவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. ஆக நீளம் மட்டும் எல்லாமே அல்ல.

நெக்கையும் பார்க்க வேண்டும். ஸ்ட்ரிங் ஆடும்போது நெக்கும் கூடவே ஆடுகிறது. நெக் எந்த ஸ்வரத்தில் ஆட விரும்புகிறதோ அந்த ஸ்வரத்தை ஸ்ட்ரிங்கிடமிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஃபெண்டர் வகை பேஸ்களில் ஜி ஸ்ட்ரிங்கில் ஐந்திலிருந்து ஏழாவது ஃப்ரெட்டுக்குள் ஒரு ஸ்வரம் சட்டென்று செத்துப்போவதைக் கவனித்திருப்பீர்கள். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் என்ற ஆய்வாளர் நெக்கின் ஒவ்வொரு இடத்திலும் அது எவ்வளவு அதிர்வை உறிஞ்சுகிறது என்று அளந்து, செத்த இடங்கள் அங்கேதான் வருகின்றன என்று காட்டியிருக்கிறார். ஹெட்ஸ்டாக்கில் ஒரு கிளாம்பை மாட்டி எடை ஏற்றினால் அந்தச் செத்த இடம் பக்கத்து ஃப்ரெட்டுக்கு நகர்வதை நீங்களே கேட்கலாம். பேஸ் வடிவமைப்பாளர் நெட் ஸ்டைன்பெர்கர் ஹெட்ஸ்டாக்கையே வெட்டி எறிந்துவிட்டு, மரத்துக்குப் பதில் கிராஃபைட் கலவையில் பேஸ் செய்ததற்குப் பின்னால் இப்படிப்பட்ட கணக்கும் இருக்கிறது. விலை உயர்ந்த 35 அங்குல பேஸை வாசித்துவிட்டு "ஆஹா, அந்த ஒரு அங்குலம்!" என்பவர்கள், அதன் ஐந்து அடுக்கு நெக்கையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள்.

இனி உங்கள் பேஸுக்கு வருவோம். நான் செய்தால் இந்த வரிசையில் செய்வேன்.

முதலில் பி ஸ்ட்ரிங் சேடிலின் மேல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். புது ஸ்ட்ரிங் சேடிலைத் தாண்டியதும் நேராகப் போகாமல் சின்னப் பாலம் போல மேலே வளைந்து அப்புறம் இறங்கும். சேடிலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டரில் கட்டை விரலை வைத்து அழுத்துங்கள். நட்டுக்கு முன்னாலும் அப்படியே. சுருதி கொஞ்சம் இறங்கும், திரும்ப ஏற்றுங்கள். காசில்லாத இந்த வைத்தியத்திலேயே பி திடீரென்று விழித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து, பி-க்குக் கீழே பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை வாங்கும் காந்தம்) மிக அருகில் இருக்கிறதா என்று பாருங்கள். கடைசி ஃப்ரெட்டை அழுத்திப் பிடித்தால் ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் நடுவே மூன்று மில்லிமீட்டராவது இடம் வேண்டும். காந்தம் ஸ்ட்ரிங்கை இழுத்தால் தாழ்ந்த ஸ்வரங்கள் அலையடிக்கும்.

மூன்றாவதாக 135 கேஜ் பி, சேடில் பக்கம் மெலிந்து வரும் டேப்பர் ரகம். மெலிந்த முனை சேடிலில் நன்றாகப் படியும், ஹார்மோனிக்கும் சுத்தமாக நிற்கும். நட்டில் உள்ள பள்ளம் 130-க்கு வெட்டியதாக இருந்தால் 135 உள்ளே இறங்காமல் மேலேயே நிற்கும். இங்கே அவசரப்படாதீர்கள். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது வீட்டிலிருந்த சாதாரண அரத்தை எடுத்து ராவினேன், பள்ளம் ஆழமாகிவிட்டது. திறந்த பி அடித்தாலே முதல் ஃப்ரெட்டில் கடகடவென்று சத்தம். புது நட் போட வேண்டியதாயிற்று. பள்ளத்தை அகலப்படுத்த வேண்டும், ஆழப்படுத்தக் கூடாது. கை நடுங்கினால் செட்டப் செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

ஸ்ட்ரிங் மாற்றிய இரண்டொரு நாளில் நெக் முன்னோக்கிக் கொஞ்சம் வளையும், டென்ஷன் கூடியிருக்கிறதல்லவா. ட்ரஸ் ராடை ஒரு கால் சுற்றுக்கு மேல் ஒரே நேரத்தில் திருக வேண்டாம். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திக்கொண்டு எட்டாவது ஃப்ரெட்டில் பாருங்கள், 0.35 மில்லிமீட்டர் அளவுக்கு இடைவெளி இருந்தால் போதும். 17ஆவது ஃப்ரெட்டில் இ ஸ்ட்ரிங்கின் உயரம் சுமார் 2.4 மில்லிமீட்டர். பி-க்கு அதைவிட ஒரு நூல் உயரம் கொடுங்கள்.

சென்னையிலோ தூத்துக்குடியிலோ கடலோரத்தில் இருந்தால் இன்னொன்று: உங்கள் பி வெறுமனே பழையதாகவும் இருக்கலாம். வியர்வையும் உப்புக் காற்றும் சுற்றுகளுக்கு நடுவே அடைந்தால் கம்பியின் எடை இடத்துக்கு இடம் மாறிப்போய் ஹார்மோனிக்குகள் ஒன்றுக்கொன்று ஒட்டாது. கழற்றி வெந்நீரில் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டு, துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டினால் சில வாரம் உயிர் வரும். காசில்லாத கல்லூரிக் காலத்தில் எல்லாரும் செய்த வேலைதான், சமையல் பாத்திரத்தில் மட்டும் செய்யாதீர்கள்.

இத்தனையும் செய்த பிறகும் பி உங்களுக்குத் திருப்தி தராவிட்டால், அப்போது 35-ஐத் தாண்டி விசிறி ஃப்ரெட்டையே போய்ப் பாருங்கள். 34-லிருந்து 35 என்பது அரைக் கிணறு. வாசித்துப் பார்க்கும்போது கடையிலுள்ள பெரிய ஆம்பில் மட்டும் கேட்காதீர்கள், அது எந்த பி-யையும் அழகாக்கிவிடும். ஆம்ப் இல்லாமல், பேஸின் மேல்கொம்பில் தாடையை வைத்துக்கொண்டு பி-யை மெதுவாக மீட்டுங்கள். எலும்பு வழியாகக் கேட்கும். ஸ்வரம் நிலையாக நிற்கிறதா, அலைகிறதா என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்படியே முதல் நாலு ஃப்ரெட்டையும் இடது கையால் விரித்துப் பிடித்து, பத்து நிமிஷம் விடாமல் வாசியுங்கள். கை எட்டுமா என்பது முதல் நிமிஷத்தில் தெரியாது, பத்தாவது நிமிஷத்தில் மணிக்கட்டு சொல்லும்.

ஸ்ட்ரிங் வாங்கும்போது பெட்டியில் எழுதியிருக்கும் கேஜை மட்டும் பார்க்காதீர்கள், சுற்றுக்கம்பியின் நீளத்தையும் பாருங்கள். 34 அங்குல ஸ்கேல் என்றாலும் பாடிக்குப் பின்னாலிருந்து கோக்கும் பேஸுக்கு அந்தக் கூடுதல் நாலைந்து சென்டிமீட்டர் வேண்டும். குறைந்தால் நுனியிலுள்ள பட்டு நூல் சுற்று நட்டின் மேலேயே வந்து உட்கார்ந்துவிடும். உருண்டைக் கோர் ஸ்ட்ரிங்காக இருந்தால் நுனியை வெட்டும் முன் செங்கோணத்தில் மடக்கிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். மடக்காமல் வெட்டினால் சுற்று உள்ளே தளர்ந்துவிடும், புது பி ஒரே நாளில் பழைய பி ஆகிவிடும்.